முதலில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்: திறந்தமூலப் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திறந்தமூல மென்பொருள் திட்டங்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு கிளையின் (நிரலின் ஒரு தனி வரிசையின்) பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்தால் அங்கே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் கிரிப்டோ கையெழுத்து (தனிச்சாவியால் போட்டு, அதன் பொதுச்சாவியால் எவரும் சரிபார்க்கக்கூடிய குறி) இல்லாத எந்தக் கமிட்டும் (பதிவு செய்த மாற்றமும்) அந்தக் கிளைக்குள் நுழைய முடியாது. எங்காவது ஒரு பெரிய ஊடுருவல் வெளியே வரும்போதெல்லாம், "நாமும் அந்தப் பெட்டியை டிக் செய்துவிடலாமா?" என்று யாராவது ஒருவர் கேட்கிறார். ஐந்து விநாடி வேலை, செலவு ஏதும் இல்லை. பாதுகாப்பில் அக்கறை இருக்கிறது என்று காட்டிக்கொள்ளவும் உதவும். அதனால் பலர் தலையாட்டிவிடுகிறார்கள்.

நான் கையெழுத்துக்கு எதிரி இல்லை. என் கமிட்டுகளில் கையெழுத்து இருக்கிறது, அதை எடுக்கப் போவதுமில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எப்போதாவது ஒரு திருத்தம் அனுப்பும் வெளியாளிடம் கையெழுத்துக் கேட்பதற்கு முன்னால், மெர்ஜ் செய்யும் (மாற்றத்தை முதன்மை நிரலில் சேர்க்கும்) உரிமையும் வெளியீடு போடும் உரிமையும் கையில் வைத்திருக்கும் நீங்கள் ஒழுங்காகக் கையெழுத்துப் போடுங்கள், போட்டதை மற்றவர்கள் சரிபார்க்கவும் வழி செய்யுங்கள். அது நடக்காத இடத்தில் அந்தப் பெட்டியை டிக் செய்வதால் பயனில்லை.

பிரச்சினை நிஜமானதுதான், அதை மறுக்கவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவியை 2005-இல் எழுதிய நாளிலிருந்தே, கமிட்டில் யார் பெயர், எந்த மின்னஞ்சல் என்பதை எழுதுபவரே தன் கணினியில் அமைத்துக்கொள்கிறார். கிட் அதைச் சரிபார்ப்பதே இல்லை. நான் என் கிட் அமைப்பில் டோர்வால்ட்ஸின் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்து ஒரு கமிட்டைப் போட்டு என் களஞ்சியத்தில் ஏற்றினால், கிட்ஹப் அந்த மின்னஞ்சலைப் பார்த்து அவருடைய படத்தையே பக்கத்தில் ஒட்டிக் காட்டும். இது யாரும் மறைத்து வைத்த ஓட்டை இல்லை. கிட்டின் அமைப்பே அப்படித்தான்.

இதன் விளைவை, பிஎச்பி என்ற வலைநிரல் மொழியின் திட்டத்தார் 2021 மார்ச் 28 அன்று நேரில் பார்த்தார்கள். அவர்கள் சொந்தமாக நடத்திவந்த கிட் சர்வரில், எழுத்துப்பிழைத் திருத்தம் என்ற குறிப்போடு ஒரு கமிட் வந்தது. பெயர், பிஎச்பியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃபுடையது. உள்ளே இருந்ததோ பின்வாசல்: உலாவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் தலைப்பைப் போலவே, கடைசி எழுத்து மட்டும் இரட்டித்த ஒரு தலைப்பில் குறிப்பிட்ட ஒரு சொல்லோடு தொடங்கும் சரம் வந்தால், மீதியை பிஎச்பி கட்டளையாக இயக்கிவிடும். அதைப் பார்த்து நீக்கினார்கள். உடனே, நீக்கியதையே நீக்கும் இன்னொரு கமிட், பிஎச்பி டெவலப்பர் நிகிதா போபோவ் பெயரில் வந்து விழுந்தது! சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டதால் எந்த வெளியீட்டிலும் அது சேரவில்லை. பயனர் தரவுத்தளம் கசிந்திருக்கலாம் என்பது திட்டத்தார் பின்னர் வந்தடைந்த கணிப்பு. சொந்த சர்வரை ஓரங்கட்டிவிட்டு கிட்ஹப்புக்கு மாறினார்கள், உறுப்பினர்களுக்கு இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள்.

இந்தச் சம்பவத்தைக் கையெழுத்துக்கு ஆதரவான வாதமாக எல்லோரும் காட்டுவார்கள். நானும் காட்டுகிறேன். ஆனால் அங்கே யாருடைய கையெழுத்து இருந்திருந்தால் காரியம் கெட்டிருக்காது? லெர்டார்ஃப், போபோவ் போல நேரடியாக எழுதும் உரிமை உள்ள சில பேருடையது. அவர்களுடைய பொதுச்சாவிகளை சர்வர் தன்னிடம் தனியாக வைத்துக்கொண்டு, கையெழுத்து பொருந்தாத கமிட்டைத் திருப்பி அனுப்பியிருந்தால் போதும், திருடிய கடவுச்சொல் ஒன்றுக்கும் உதவியிருக்காது. ஆவணத்தில் ஒரு வரியைத் திருத்த வரும் வெளியாளின் சாவிக்கு அங்கே வேலையே இல்லை.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை எழுதும் குழு இதைப் பத்தாண்டுக்கு முன்பே புரிந்துகொண்டது. 2011 ஆகஸ்டில் கெர்னல்.ஆர்க் சர்வர்களுக்குள் யாரோ புகுந்தது தெரியவந்தது. தளமே பல வாரம் முடங்கிக் கிடந்தது. அதன் சூட்டோடு, 2012 ஜனவரியில் வந்த கிட் 1.7.9 பதிப்பில் இரண்டு வசதிகள் சேர்ந்தன. ஒன்று, கமிட்டிலேயே கையெழுத்துப் போடுவது. இன்னொன்று, கையெழுத்திட்ட டேக் (குறிப்பிட்ட ஒரு கமிட்டுக்கு வைக்கும் பெயர்க்குறி) ஒன்றை மெர்ஜ் செய்தால் அந்தக் கையெழுத்து மெர்ஜ் கமிட்டுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிவாவது. கெர்னல் குழு பிடித்துக்கொண்டது இரண்டாவதை. ஒவ்வொரு கமிட்டிலும் கையெழுத்துப் போடுவது வீண் என்று டோர்வால்ட்ஸ் 2009-இலேயே வாதிட்டிருந்தார். எல்லாவற்றிலும் போடுவதென்றால் அதைத் தானியங்கியாக்கிவிடுவார்கள், அப்புறம் அதற்கு மதிப்பு குறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. நம் ஊரில் ஜெராக்ஸ் நகலில் அட்டெஸ்டேஷன் வாங்கியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். கட்டுக்கட்டாக நீட்டினால் அசலைப் பார்க்காமலேயே முத்திரை விழும்.

இன்றும் கெர்னலுக்கு ஒட்டு (திருத்தம்) அனுப்பும் ஆயிரக்கணக்கானவர்களிடம் கமிட் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது. ஒட்டுகள் மின்னஞ்சலில் வருகின்றன, துணைப் பராமரிப்பாளர் அதைத் தன் மரத்தில் (தன் களஞ்சியத்தில்) ஏற்றும்போது அது புதிய கமிட்டாகிவிடுகிறது. (மின்னஞ்சல் ஒட்டிலேயே கையெழுத்தைச் சேர்க்க ஒரு தனிக் கருவி பின்னாளில் வந்தது. விரும்பியவர் பயன்படுத்துகிறார், விரும்பாதவரை யாரும் விரட்டுவதில்லை.) கையெழுத்துப் பொறுப்பு துணைப் பராமரிப்பாளரிடம் இருக்கிறது. டேக்கில் அவர் கையெழுத்துப் போட்டு, "இதை இழுத்துக்கொள்ளுங்கள்" என்று டோர்வால்ட்ஸுக்கு எழுதுகிறார். அவர்களுடைய பொதுச்சாவிகள் ஒரு தனிக் கிட் களஞ்சியமாகவே எல்லோருக்கும் கிடைக்கின்றன. சரிபார்க்க நினைப்பவர் சாவியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஜென்டூ என்ற லினக்ஸ் விநியோகம் இன்னும் கறாராக இருக்கிறது. 2015-இல் கிட்டுக்கு மாறியதிலிருந்து, முதன்மைக் களஞ்சியத்தில் ஏறும் கமிட்டுகளுக்கு ஜென்டூ டெவலப்பரின் கையெழுத்து கட்டாயம். கவனியுங்கள், டெவலப்பரின் கையெழுத்து. வெளியாள் ஒருவர் கிட்ஹப் வழியாகத் திருத்தம் அனுப்பினால், அதைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் டெவலப்பர் தன் சாவியால் கையெழுத்துப் போட்டு ஏற்றுகிறார். "இதை நான் படித்தேன், உள்ளே விட்டது நான்தான்" என்பது அந்தக் கையெழுத்தின் பொருள். 2018 ஜூனில் ஜென்டூவின் கிட்ஹப் கணக்கை ஒருவர் கைப்பற்றி, கோப்புகளை அழிக்கும் கட்டளைகளைச் செருகினார். கிட்ஹப்பில் இருந்தது நகல்தான், முதன்மைக் களஞ்சியம் ஜென்டூவின் சொந்த சர்வரில் பத்திரமாக இருந்தது. செருகியவரிடம் டெவலப்பர் சாவி இல்லாததால், கையெழுத்தைச் சரிபார்த்துப் புதுப்பிப்பவர்களிடம் அந்தக் கமிட்டுகள் செல்லாது. கையெழுத்து எப்போது வேலை செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணங்களில் இது ஒன்று. சாவிகள் எண்ணிக்கையில் குறைவு, யாருடையவை என்று தெரியும், மறுமுனையில் சரிபார்க்கவும் ஆள் இருக்கிறது.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். கிட்ஹப் 2016-இல் கமிட்டுக்குப் பக்கத்தில் பச்சை நிற 'வெரிஃபைட்' முத்திரையைக் காட்டத் தொடங்கியது. அந்த முத்திரை உண்மையில் எதைச் சொல்கிறது? இந்தக் கையெழுத்தின் சாவி, இந்த மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்ட ஒரு கிட்ஹப் கணக்கில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை. அவ்வளவுதான். அந்தச் சாவி உங்களுக்குத் தெரிந்தவருடையதா, நேற்றுச் சேர்த்ததா என்பதெல்லாம் அதில் இல்லை. ஒருவருடைய கணக்கைக் கைப்பற்றியவர் தன்னுடைய புதுச் சாவியை அதே கணக்கில் ஏற்றிக்கொண்டால் அவருக்கும் அதே பச்சை கிடைக்கும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. உலாவியிலேயே ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் அந்தக் கமிட்டில் கிட்ஹப் தன் சொந்தச் சாவியால் கையெழுத்துப் போட்டுவிடும், வெரிஃபைட் முத்திரையும் விழும். ஆக, சாவி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் உலாவியில் திருத்தினால் உங்கள் பெட்டியைத் தாண்டிவிடுகிறார். தன் கணினியில் களஞ்சியத்தை இறக்கி, சோதனைகளை ஓட்டிப் பார்த்து, பொறுப்பாகக் கமிட் செய்தவர் வாசலில் நிற்கிறார். அந்தக் கணக்கிலிருந்துதான் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வந்திருக்கிறது என்பது கிட்ஹப்புக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த அதே விஷயத்தை இன்னொரு முறை நிரூபிக்க அவரை ஒரு வேலை வாங்குகிறீர்கள்.

அப்புறம், கேட்டு வாங்கிய கையெழுத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பல திட்டங்களில் ஸ்குவாஷ் செய்துதான் மெர்ஜ் செய்கிறார்கள். கிட்ஹப்பின் பொத்தானை அழுத்தி அப்படிச் செய்யும்போது பங்களிப்பாளரின் கமிட்டுகள் ஒன்றாகி, கிட்ஹப்பின் கையெழுத்தோடு ஒரு புதிய கமிட் பிறக்கிறது. அவர் போட்ட கையெழுத்து முதன்மைக் கிளையின் வரலாற்றில் எங்குமே இருக்காது. கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கும் ரீபேஸும் அப்படித்தான். கையெழுத்து என்பது கமிட்டின் உள்ளடக்கம், அதற்கு முந்தைய கமிட்டின் ஹாஷ் (அடையாள எண்), எழுதியவர் பெயர், குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டது. முந்தைய கமிட் மாறினால் கையெழுத்து செல்லாது. மெர்ஜ் பொத்தானில் ரீபேஸைத் தேர்ந்தெடுத்தால் கிட்ஹப் கையெழுத்தே இல்லாத கமிட்டுகளைத்தான் உருவாக்கும். இதெல்லாம் தெரியாமல் பெட்டியை டிக் செய்துவிட்டு, அப்புறம் மெர்ஜ் ஏன் ஓடவில்லை என்று குழம்பும் பராமரிப்பாளர்களையும் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பெட்டிக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் முதலில் காட்டுவது அதைத்தான், ஆனால் அது அவர்கள் வாதத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏன் அரை விநாடி அதிகம் எடுக்கிறது என்று தோண்டிப் பார்த்த, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டெவலப்பர் ஆண்ட்ரேஸ் ஃப்ராயிண்ட், 2024 மார்ச் 29 அன்று விஷயத்தை வெளியே சொன்னார். எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளிலும் பின்வாசல் இருந்தது. வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து, களைத்துப் போயிருந்த ஒரே பராமரிப்பாளரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டவர். அந்த வெளியீட்டுக் கோப்புகளில் கையெழுத்து இருந்தது. அது போலியும் இல்லை. ஜியா டானின் சொந்தச் சாவியால் முறைப்படி போட்டது, சரிபார்த்தால் சரி என்றுதான் வரும். ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பின்வாசலின் பெரும்பகுதி, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிட்டிலேயே இருந்தது. ஆனால் அதை உயிர்ப்பிக்கும் நிரல், வெளியீட்டு டார்பால் கோப்பில் (வெளியீட்டின்போது கட்டித் தரும் நிரல் தொகுப்பில்) மட்டும்தான் இருந்தது, கிட்டில் இல்லை. அப்படியென்றால் கிட்டில் இருக்கும் ஒவ்வொரு கமிட்டிலும் கையெழுத்து இருந்திருந்தாலும் அந்தக் கோப்பு மாட்டியிருக்காது. கமிட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும், கிட்டிலிருந்து டார்பாலுக்குப் போகும் வழி திறந்தே கிடந்தது. அந்த வழியில் நடப்பவர் வெளியாள் இல்லை, வெளியீடு போடும் உரிமை உள்ளவர்.

சரிபார்க்க ஆளில்லாத கையெழுத்து என்ன ஆகும் என்பதற்கு பைத்தான் உலகில் ஒரு கணக்கே இருக்கிறது. தொகுப்புகளோடு பிஜிபி என்ற பழைய முறைக் கையெழுத்தையும் ஏற்றும் வசதி, பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் பல ஆண்டு இருந்தது. 2023 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏறிய சுமார் 50,000 கையெழுத்துகளின் பின்னால் 1,069 சாவிகள் இருந்தன. அவற்றில் கிட்டத்தட்ட 30 சதவீதத்தை முக்கியப் பொதுச் சாவி சர்வர்களில் தேடினாலும் கிடைக்கவில்லை. கிடைத்ததிலும் ஏறக்குறைய பாதியை உருப்படியாகச் சரிபார்க்க முடியவில்லை. போட்டவர்கள் நல்லெண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். அதை யாரும் பார்க்கவில்லை என்பது இத்தனை வருடம் பலர் கண்ணில் படவே இல்லை.

"இப்போதெல்லாம் இது சுலபம்தானே, 2021 நவம்பரில் வந்த கிட் 2.34-இலிருந்து எஸ்எஸ்எச் சாவியாலேயே கையெழுத்துப் போடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஜிபிஜி என்ற பிஜிபி கருவியோடு மல்லுக்கட்டிய காலத்தை நினைத்தால் மூன்று வரி அமைப்பு ஒன்றுமே இல்லை. ஆனால் முதல் முறை புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் கல்லூரி மாணவர் பல நேரம் உட்கார்ந்திருப்பது ஆய்வகக் கணினியில். அதே கணினியில் மதியம் வேறொருவர் உட்காருவார். அங்கே தனிச்சாவி ஒன்றை உருவாக்கி விட்டுவிட்டுப் போகச் சொல்வது பாதுகாப்பில் சேருமா? மடிக்கணினி மாறும்போது, சாவி தொலையும்போது என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் பங்களிப்பு வழிகாட்டியில் ஒரு வரி உண்டா? சாவியைக் கணக்கிலிருந்து நீக்கினால் பழைய கமிட்டுகளின் பச்சை முத்திரையும் போய்விடும் நிலைதான் கிட்ஹப்பில் பல ஆண்டு இருந்தது. அதற்குப் பயந்து பழைய சாவிகளை நீக்காமலே வைத்திருந்தவர்கள் உண்டு.

சாவிக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பை மனிதர்களே நேரில் பார்த்து உறுதி செய்யும் பழைய வழி, டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் இன்னும் இருக்கிறது. கடவுச்சீட்டைக் காட்டி, விரல்தடம் என்று சொல்லப்படும் அந்த நீண்ட எண்ணைப் பரிமாறிக்கொண்டு, ஒருவர் சாவியில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு. டெபியன் மாநாடு 2023-இல் கொச்சிக்கே வந்தது, நமக்கெல்லாம் ஒரு இரவு ரயில் தூரம். ஆனால் இந்த முறைக்கும் எல்லை இருக்கிறது. 2006-இல் மெக்சிகோவில் நடந்த டெபியன் மாநாட்டில், எந்த அரசும் தராத ஓர் அடையாள அட்டையைக் காட்டியே ஒருவர் சிலரிடம் கையெழுத்து வாங்கிக் காண்பித்தார். நமக்கோ வேறு தொல்லை. கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும், கமிட்டில் இனிஷியலோடு ஒற்றைப் பெயர் இருக்கும், இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு ஜெர்மன்காரருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கெர்னல் குழுகூட 2023-இல் 'உண்மைப் பெயர்' என்ற நிபந்தனையைத் தளர்த்தி, அறியப்பட்ட அடையாளம் இருந்தால் போதும் என்று மாற்றிவிட்டது. பெயரைவிட, அதே ஆள் தொடர்ந்து வருகிறாரா என்பதுதான் வேலைக்கு ஆகிறது.

சாவியே வேண்டாம், மின்னஞ்சல் கணக்கால் உள்நுழைந்து பத்து நிமிடச் சான்றிதழால் கையெழுத்துப் போடலாம் என்று சிக்ஸ்டோர் என்ற திட்டம் வந்திருக்கிறது. நல்ல யோசனைதான், வெளியீட்டுத் தானியங்கிகளுக்கு மிகவும் பொருத்தம். தனிநபர்களுக்குக் கட்டாயமாக்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: அவர்களுடைய மின்னஞ்சல், அழிக்கவே முடியாத பொதுப் பதிவேடு ஒன்றில் போய் உட்கார்ந்துவிடும். தன் நாட்டு அரசுக்குப் பயந்து புனைபெயரில் எழுதுபவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள். உங்கள் களஞ்சியத்தில், யாருடைய எந்தச் சாவி எந்த நாளிலிருந்து செல்லும் என்று ஒரு கோப்பு வையுங்கள். எஸ்எஸ்எச் சாவிகளென்றால் அனுமதிக்கப்பட்ட கையெழுத்தாளர் பட்டியலை கிட் கருவியே நேரடியாகப் படித்துச் சரிபார்க்கும். அந்தக் கோப்பை மாற்ற, ஏற்கெனவே பட்டியலில் உள்ள இரண்டு பேராவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வையுங்கள். முடிந்தால் சாவியை யூஎஸ்பி வன்பொருள் டோக்கனில் வைத்துக்கொள்ளுங்கள், கணினிக்குள் புகுந்தவர்கூட அதை நகலெடுக்க முடியாது. மெர்ஜ் செய்பவர் தன் சாவியால் கையெழுத்துப் போடட்டும், படித்த பிறகு போடட்டும். ஒவ்வொரு வெளியீட்டு டேக்கிலும் கையெழுத்து இருக்கட்டும். டார்பால் அந்த டேக்கிலிருந்து யார் செய்தாலும் பைட் மாறாமல் அதேபோல வரவேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்பது வெளியீட்டுக் குறிப்பில் இருக்கட்டும். இவற்றையெல்லாம் உங்கள் சிஐ (தானியங்கிச் சோதனை அமைப்பு) தானாகச் சரிபார்க்கட்டும், பட்டியலில் இல்லாத சாவி வந்தால் சிவப்பு காட்டட்டும். தொகுப்பாளர்களும் லினக்ஸ் விநியோகங்களை நடத்தும் டிஸ்ட்ரோக்காரர்களும் சரிபார்க்க வேண்டிய கட்டளை எது என்று ரீட்மீயில் இரண்டு வரி எழுதுங்கள்.

பங்களிப்பாளருக்குக் கையெழுத்து விருப்பமாக இருக்கட்டும். தொடர்ந்து வருபவர்களை ஊக்குவியுங்கள், எப்படிச் செய்வதென்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். ஒருவருக்கு எழுதும் உரிமை கொடுக்கும் நாளில் அதைக் கட்டாயமாக்குங்கள். அந்த நாளில் அவர் சாவியும் பட்டியலில் ஏறட்டும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உங்களில் பலர் சம்பளம் இல்லாமல், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறீர்கள். அதனால்தான் வெளியீட்டுச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் ஒரு மாதம் காணாமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியை, பெட்டியைப் பற்றிய விவாதத்துக்கு முன்னால் எடுக்கச் சொல்கிறேன். இந்த மடலைப் படித்து முடித்ததும் உங்கள் திட்டத்தின் கடைசி டேக்கை ஒரு புதுக் கணினியில் இறக்கி, அதன் கையெழுத்தை வெளியாள் ஒருவரைப் போலச் சரிபார்த்துப் பாருங்கள். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்களோ அதை உங்கள் திட்டத்தின் இஷ்யூ பட்டியலில் திறந்து வையுங்கள். சரிசெய்யும் வேலையில் பங்கெடுக்க நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் திட்டங்களுக்கு அவ்வப்போது திருத்தம் அனுப்பும் ஒரு பங்களிப்பாளர்